குமிழ் இல்லாத பெட்டி

என் கையெழுத்து ஒரு வரியில் நிற்காது. மேலே ஏறும், பிறகு சரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ந, ன, ண மூன்றும் என் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. எது எங்கே வரும் என்று இன்றுவரை பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பிழை வரும் இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விட வேண்டும்.

ஓர் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பலகாரக் கடைக்குப் பின்னால் அடுப்படி. அதற்கு மேலே மாடியில் ஓர் அறை. அந்த அறையில் அவர் தனியாகக் குடியிருந்தார். பாட்டுக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிப்பார். கல்யாணம், கோயில் திருவிழா, ஆண்டுவிழா என்று வேனில் போவார், விடியும்போது வருவார். நாங்கள் அடுப்பு மூட்டும் நேரமும் அவர் செருப்பைக் கழற்றும் நேரமும் ஒன்றாக இருக்கும். அப்போது எனக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

குடி வந்த அன்று கடைக்கு வந்து நின்றார்.

"முறுக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்க்கா."

"நல்லா இருக்கும்னா எனக்கு என்ன தெரியும்? எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

நான் தராசைப் பார்த்தேன். கூச்சம் வந்தால் எனக்குத் தராசுதான் துணை.

"கடிக்கணுமா, நொறுங்குமா?"

"நொறுங்கும். நாக்கால அழுத்தினாலே போதும்."

"இது பேச்சு," என்றார். கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அதுதான் அவர். 'நல்லா இருக்கு' என்ற சொல்லை அவரிடம் யாரும் செலவழிக்க முடியாது. பூக்காரம்மாவிடம், ஆட்டோக்காரரிடம், காய்ச்சலுக்கு மருந்து எழுதும் டாக்டரிடம்கூட அதே பேச்சுதான். எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, "பையன் நல்லா இருக்கான்ல?" என்றார். அக்கா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோவம் வந்தா சொல்லாம உள்ள வெச்சுக்கற மூஞ்சி. உங்க பொண்ணு கேட்டுக் கேட்டு வாங்கணும்," என்றார். அந்த அம்மாள் ஒரு மாதம் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. மாடியில் இருப்பவர் சொன்னதற்கு என் ஓமப்பொடி என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் பேசினாலும் முகத்துக்கு நேரே பேச வேண்டும். நான் குனிந்துகொண்டு பதில் சொன்னால் விடமாட்டார். "அடுப்பைப் பாத்துப் பேசாதீங்க. அடுப்பா கேள்வி கேட்டுச்சு?" என்பார். கொஞ்சம் கறாரான பெண்மணி என்று தெருவில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு கோடையில் அவருக்கு ஒரு வேலை பிடித்துக்கொண்டது. ஓவர்டிரைவ் பெடல் என்று ஒன்று உண்டு. கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிப்பார்களே, அந்தப் பெட்டி. கடையில் வாங்கலாம். அவர் தாமே செய்யப்போவதாகச் சொன்னார். போனில் படம் ஓடவிட்டுப் பார்ப்பார். மெயின்கார்டு கேட் பக்கத்துச் சந்தில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் கடைக்குப் போய், எட்டுக் காலுள்ள கறுப்புப் பூச்சி போன்ற ஒரு சில்லும், மிளகு அளவில் சில உருப்படிகளும் பொட்டலமாக வாங்கி வருவார். ஈயம் பற்றவைக்கும் புகை மாடியிலிருந்து இறங்கும். கீழே என் எண்ணெய்ப் புகை ஏறும். இரண்டும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும்.

அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று ஒரு நாள் எனக்கு விளக்கினார்.

"கிட்டார்லேர்ந்து வர்ற சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். இந்தப் பெட்டி அதைத் தூக்கி விடும். தாங்காத உயரத்துக்குத் தூக்கும். அங்க ரெண்டு டயோடு காவலுக்கு நிக்குது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. தாண்டி வர்றதை நறுக்கிடும். நறுக்குன இடம் இருக்குல்ல, அதுதான் கரகரப்பு."

"மாவு அச்சுல பிதுங்கற மாதிரிங்களா?"

"அச்சு என்ன வடிவமோ முறுக்கும் அதே வடிவம். ஆமா, அப்படித்தான்."

ஆறு மணிக்குக் கடைசி ஈடு எடுத்து அடுப்பை அணைத்துவிடுவேன். அப்போது அவர் மேலே வாசிப்பார். வாசித்துவிட்டுப் பாதிப் படி இறங்கி வந்து, "எப்படி?" என்பார். நான் மாடிக்குப் போகமாட்டேன். தனியாக இருக்கும் பெண்ணின் அறை. படிக்கட்டுதான் எங்கள் இருவருக்கும் பொதுவான இடம்.

முதல் தடவை வாய் தவறி "நல்லா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"எண்ணெய்க்காரரே, நாள் முழுக்க எண்ணெய் சத்தத்தைக் கேட்டே வேகுதா இல்லையான்னு சொல்றவரு நீங்க. உங்களுக்கா சொல்ல வராது?"

அவர் சொன்னது மெய்தான். முறுக்கை எண்ணெயில் விட்டதும் சோவென்று மழை பெய்யும். ஈரம் வற்ற வற்ற மழை விடும். எடுக்கும் பதத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் பார்க்கிறோம். ஆனால் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"அப்பளம் பொரியற மாதிரி இருக்குங்க. மேலாப்ல படபடன்னு. உள்ள ஒண்ணும் இல்லை."

அவர் கண் விரிந்தது. "இது பேச்சு!" என்று மாடிக்கு ஓடினார். மறுநாள் ஏதோ ஒரு மிளகை மாற்றி வேறு மிளகு வைத்திருந்தார். அன்று வந்த சத்தத்துக்குக் கொஞ்சம் சதை இருந்தது.

அப்புறம் தினமும் நடந்தது. ஒரு நாள், "நடுவுல நடுவுல சீடை வெடிக்குதுங்க," என்றேன். எங்கேயோ பற்றவைப்பு விட்டிருந்தது. ஒரு நாள், "அடிப்பிடிச்ச பால்," என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். என் மனைவி மாவு பிசைந்தபடியே சொன்னாள், "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எங்கிட்ட ஆமா, இல்லை, சோறு போடு, மூணே பேச்சுதான். படிக்கட்டுல மட்டும் எப்படிங்க இவ்வளவு ஊறுது?"

"அவங்க கேக்கறாங்க," என்றேன்.

"அப்ப நானும் கேக்கறேன். இன்னைக்குக் குழம்பு எப்படி?"

"புளி முன்னாடி வந்து நிக்குது. உப்பு பின்னால ஒளிஞ்சிருக்கு."

மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது.

அக்கா வாசித்து நிறுத்தியதும் மாடியிலிருந்து ஓர் ஆண் குரல். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, படித்தவர் பேசுவதுபோல. முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா இறங்கி வந்து சாதாரணமாக "எப்படி?" என்றார். யாரோ வந்திருக்கிறார், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அந்தக் குரல். அதற்கடுத்த நாளும். வாசலில் செருப்பு இல்லை. யாரும் படியேறியதையோ இறங்கியதையோ நான் பார்க்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் தனியாக இருக்கிறார், அவர் வீட்டுக்கு யார் வந்தால் நமக்கு என்ன? ஆனால் அக்காவோ, முகத்தைப் பார்த்துப் பேசுங்க, முகத்தைப் பார்த்துப் பேசுங்க என்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. பெடலைப் பற்றிக் கேட்டால் சட்டி கழுவ நகர்ந்துவிட்டேன்.

"என்ன, நாலு நாளா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? பழைய எண்ணெய்க்காரராயிட்டீங்களே."

"அக்கா, தப்பா நினைக்காதீங்க."

"தப்பா இருந்தா நினைப்பேன். சொல்லுங்க."

"மேல யாராவது வந்திருக்காங்களா?"

"எங்க, என் வீட்டுலயா? யாரு?"

"தெரியலைங்க. ஆம்பளை குரலு. சாயங்காலம் ஆனா பேசறாரு."

அவர் படியில் அப்படியே நின்றார். "என்ன பேசறாரு?"

"நாத்து மஞ்சளாப் போனா என்ன மருந்து அடிக்கணும்னு சொன்னாரு. நேத்து மாட்டுக் கோமாரி பத்தி."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அட கடவுளே! அது ரேடியோங்க! பெடலைப் பழைய நெய் டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன்ல, பிளாஸ்டிக்கு. காத்துல போற ஸ்டேஷனையெல்லாம் பிடிச்சுக்குது. சுத்தி உலோகம் இருந்தா வராது. நாலு நாளா நீங்க என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் நினைக்கலைங்க. விவசாய ஆபீசர்னு நினைச்சேன்."

மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நாலு நாளாவா கேட்டுச்சு?"

"ஆமாங்க."

"கீழ வரைக்குமா?"

"தெளிவாக் கேட்டுச்சே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம் கைகளைப் பார்த்தார். "நான் அந்த ஸ்பீக்கர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்," என்றார். "எனக்குக் கேக்கலைங்க."

அன்றுதான் முழுவதையும் சொன்னார். மேடையில் டிரம்ஸ் தாளத்தட்டுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்ற வருடங்கள் காதைத் தின்றுவிட்டன. முதலில் போனவை கீச்சென்ற சத்தங்கள். கொலுசு, குருவி, குக்கர் விசில். பிறகு பேச்சும் மங்கியது. உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டார். கறாருக்காக அவர் எங்களை முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லவில்லை. கிட்டாரில் கீச்சுச் சத்தம் தமக்குக் கேட்கவில்லை என்று அதன் குமிழைத் திருகிக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர் இரண்டு கச்சேரியாகப் பல்லைக் கடிக்கிறாராம்.

"லால்குடியில கோயில் திருவிழாக் கச்சேரி வருது. அதுலயும் கீச்சினா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு. காது கேக்கலைன்னு தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சுது. செவிட்டுக் கிட்டாரை எவன் கூப்பிடுவான், சொல்லுங்க? எனக்கு வேற எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசை இல்லை."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "பெட்டியை மாத்துங்க," என்றேன்.

திருவெறும்பூரில் தமக்குத் தெரிந்த பட்டறையில் தடித்த அலுமினியத் தகட்டை மடக்கிப் பெட்டி செய்து வாங்கி வந்தார். மேலே மூன்று குமிழ்கள். கரகரப்புக்கு ஒன்று, கீச்சுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. விவசாய ஆபீசர் அன்றோடு போய்விட்டார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. மாட்டுக் கோமாரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் முடிக்கவே இல்லை.

அக்கா ஸ்பீக்கரையும் பெட்டியையும் கீழே கொண்டுவந்து அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "இனிமே குமிழை நீங்க திருகுங்க. நான் வாசிக்கறேன். எனக்குப் பிடிக்குதாங்கறது பேச்சில்லை," என்றார்.

என் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு, குமிழ் வழுக்கியது. வேட்டியில் துடைத்துத் துடைத்துத் திருகினேன். அவர் தந்தியை மெதுவாகத் தட்டுவார், பிறகு அழுத்தித் தட்டுவார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மெதுவாத் தட்டினா பாலு. அழுத்தினா மிளகாய் வத்தலு. நடுவுல ஒண்ணும் இல்லை."

டயோடுகளை மாற்றினார். புதியவை கண்ணாடி மணிபோல இருந்தன. கொஞ்சம் இளகி நறுக்குமாம்.

"இப்ப தட்டை. எண்ணெயில போட்ட உடனே வர்ற சத்தம்."

"வேணாமா?"

"திருப்பிப் போட்டப்புறம் வர்ற சத்தம் வரணும்."

அது வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மாவு, ஈரம், சூடு என்று எனக்குத் தெரிந்த பாஷையில் நான் சொல்ல, அவர் அதைச் சில்லாகவும் கம்பியாகவும் மாற்றிக்கொண்டே போனார். ஒரு மாலை அவர் அழுத்தித் தட்டியபோது என் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "யாரு, இன்னும் அடுப்பை அணைக்கலையா?" என்றாள்.

அக்கா உதட்டைப் படித்துவிட்டார். "என்ன சொன்னாங்க?" என்று மறுபடி என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். குமிழ்களில் கை வைக்காதீர்கள் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

பிறகு செய்ததைப் பார்த்து எனக்குப் பதறியது. மீட்டரை வைத்து ஒவ்வொரு குமிழும் நிற்கும் நிலையை அளந்தார். குமிழ்களைக் கழற்றி எறிந்தார். உள்ளே அந்தந்த அளவிலேயே நிற்கும் ரெசிஸ்டரை, அந்த மிளகு உருப்படியை, வைத்துப் பற்றவைத்தார்.

"இனிமே கூட்டணும் குறைக்கணும்னா?"

"முடியாது. குமிழு கைக்கு எட்டினா மேடையில திருகிடுவேங்க. என் காது கெஞ்சும். நான் இளகிடுவேன். அதுக்குத்தான் வழியே இல்லாமப் பண்ணிட்டேன்."

மூன்று ஓட்டைகள் மட்டும் மிச்சம். அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் மூன்றை ஒட்டினார்.

லால்குடிக்கு நானும் பஸ் ஏறிப் போனேன். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் வரச் சொல்லிவிட்டார். மேடைக்கு நேரே, அவர் கண்ணுக்குப் படும்படி நிற்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் சரி. கீச்சினால் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தால் அவர் அழுத்தாமல் வாசிப்பார்.

ஆரம்பிப்பதற்கு முன் மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். குனிந்து ஒரு பொத்தானைத் திருகப் பார்த்தார்.

"என்னம்மா இது, சுத்த மாட்டேங்குது?"

"பொத்தான் சுத்தாது மாஸ்டர்."

"சத்தம் கூடிப்போச்சுன்னா?"

"கூடாது."

"அவ்வளவு நிச்சயமா?"

அக்கா கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

நாலாவது பாட்டில் அவருக்குத் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. பெட்டியை மிதித்தார். என்ன கேட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். துண்டு தோளிலேயே இருந்தது என்பது மட்டும் இப்போது போதும். முன்வரிசையில் யாரும் காதைப் பொத்தவில்லை. மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். முடிந்த பிறகும் வாசிக்காமல் ஒரு நொடி பார்த்துக்கொண்டே இருந்தார். தபேலாக்காரர் தோளைத் தட்டிய பிறகுதான் அடுத்த பாட்டை எடுத்தார்.

கச்சேரி கலைந்து வேனில் சாமான் ஏற்றும்போது அக்கா என்னிடம் வந்தார். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள்.

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை, இருட்டில் என் உதடும் தெரியவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார். மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினார். கத்திச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவில் கத்த எனக்குக் கூச்சம்.

மாஸ்டர் வேனிலிருந்து, "ஏறும்மா, நேரமாச்சு. அடுத்த முகூர்த்தத்துக்குத் தேதி பேசணும்," என்றார். அதை அவர் முகத்தில் விழுந்த விளக்கு வெளிச்சத்தில் அக்கா படித்துவிட்டார். அடுத்த முகூர்த்தம் என்றால் வேறு ஆள் இல்லை என்று பொருள். சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னது விழலைங்க. எழுதிக் குடுங்க."

எனக்கு எழுத வராது என்று கையால் காட்டினேன்.

"வர்ற அளவுக்கு வந்தா போதும்," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அந்தப் பெட்டியோடு அவர் இன்னும் சில வருடங்கள் வாசித்தார். நான் எழுதவில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் காற்றில் பேனா பிடிப்பதுபோல விரலை அசைப்பார். நான் தராசைப் பார்ப்பேன். பிறகு அவர் காதுக்குப் பேச்சுச் சத்தம் முழுதாக நின்றுபோனது. அவரே மாஸ்டரிடம் சொல்லி விலகிக்கொண்டார். கே.கே. நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மாடி அறையில் இப்போது மாவு மூட்டை இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு மாஸ்டர் கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்கா சுகமா என்று கேட்டேன்.

"இருக்குது. கிட்டாரை விடலை. தாடையைக் கட்டையில வெச்சு அழுத்திக்கிட்டு வாசிக்குது. எலும்பு வழியா வருதாம். யாரு போனாலும் ஒரு சிலேட்டைக் கையில குடுத்துடும். நல்லா இருக்கியாம்மான்னு எழுதினேன். அழிச்சுட்டுத் திரும்பக் குடுக்குது." சிரித்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பினார். "ஆங், உங்களைத்தான் கேட்டுச்சு. எண்ணெய்க்காரர் ஒண்ணு எழுதித் தரணும், இன்னும் வரலைன்னு."

இதோ எழுதிவிட்டேன். மாஸ்டர் கையில் கொடுத்தனுப்புவேன்.

அக்கா, அன்றைக்கு லால்குடியில் நான் இரண்டு தடவை சொன்னது இதுதான். எண்ணெய் அடங்கி வரும்போது, இன்னும் ஒரு மூச்சு விட்டால் சிவந்துவிடும் என்ற இடத்தில், ஒரு சத்தம் வரும். அது வந்தால் நான் யோசிக்க மாட்டேன். கை ஜல்லிக்கரண்டிக்குப் போய்விடும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், கோயில் வெளியில், அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. நீங்கள் அந்தக் கடைசிச் சுரத்தை அழுத்திப் பிடித்தீர்கள். என் வலது கை தானாக நீண்டு கரண்டியைத் தேடியது. பக்கத்தில் நின்றவர் என்ன வேணும் என்று கேட்டார்.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. அடுப்பு மூட்டாத நாள்.